பெட்டியடிப் பையனுக்கு இருந்த ஏணி

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கான மாநிலக் குழுமத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 1989ஆம் ஆண்டு அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 33 வருடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, பெரிய மருத்துவமனை என்று பல இடம் பார்த்துவிட்டேன். அரசாணைகளில் எங்களுக்கு ‘ஆய்வக நுட்புநர்’ என்று பெயர். வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் ‘ரத்தம் எடுக்கிற அம்மா’. அந்தப் பெயரில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது அதைத்தான். எடுத்த ரத்தம் உள்ளே போனபிறகு அதற்கு என்ன நடக்கிறது, அதைச் செய்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும். பணியில் இருந்தபோது வெளிப்படையாக எழுத முடியாது. இப்போது முடியும் என்பதால், எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சியையும் பதவி வரிசையையும் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

என் அப்பாவைப் பெற்ற ஐயா 14 வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர். மோல்மேனில் ஒரு லேவாதேவிக் கடை. அங்கே அவர் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பது, எண்ணி வாங்குவது, சொன்ன இடத்துக்கு ஓடுவது, ராத்திரி விளக்கு வைத்து மேலாள் முன்னால் பேரேடு எழுதிப் பழகுவது. மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்தார். அடுத்த முறை கப்பலேறும்போது அவர் அடுத்தாள். அப்புறம் ஒரு நாள் மேலாள். ஒரு கடையின் முழுப் பொறுப்பும் அவர் கையில். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாம் போயிற்று, அது வேறு கதை. ஆனால் 14 வயதில் பெட்டியடியில் உட்காரும்போதே அந்தப் பையனுக்குத் தெரியும்: அடுத்த படி எது, அதற்கு மேலே எது, அங்கே போக நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டில் எந்த வளவு வீட்டில் போய்க் கேட்டாலும் பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்ற வரிசையைப் பெரியவர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

இதை அந்தக் காலத்துப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்த முறையிலும் கஷ்டம் இருந்தது. 14 வயதுப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவது லேசான காரியமில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முந்தி ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இருந்த ஏணி, இன்றைக்கு ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் சேரும் பிள்ளைக்கு இல்லை. எக்ஸ்ரே எடுப்பவருக்கும், டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கும், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துக் கருவியைத் தயார் செய்பவருக்கும் நிலைமை இதேதான்.

நான் சேர்ந்தபோது ஹீமோகுளோபின் பார்ப்பதற்குச் சாலி முறை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அமிலம் விட்டு, ரத்தத்தைக் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட வேண்டும். மேகமூட்டமான நாளில் ஒரு மாதிரி தெரியும், வெயில் நாளில் வேறு மாதிரி தெரியும். சிறுநீரில் சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல்: நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு. மலேரியாவுக்கு லீஷ்மன் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நிமிர முதுகு ஒத்துழைக்காது. காசநோய்ச் சளி ஸ்லைடில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன் 100 பார்வைப் புலங்களைப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் செமி ஆட்டோ அனலைசர் வந்தது. செல் கவுன்ட்டர் வந்தது. எலைசா ரீடர், முழுத் தானியங்கி அனலைசர், எலக்ட்ரோலைட் அனலைசர், மூன்று மாதச் சராசரி சர்க்கரை பார்க்கும் மெஷின், காசநோய்க்கு ட்ரூநாட், கடைசியாகக் கொரோனா வந்தபோது ஆர்டி-பிசிஆர். என் ஒருத்தியின் பணிக்காலத்துக்குள் இந்த வேலை கண் பார்வையிலிருந்து மரபணுவரைக்கும் வந்துவிட்டது. இதில் ஒவ்வொரு மெஷினுக்கும் எனக்குக் கிடைத்த பயிற்சி என்ன தெரியுமா? கம்பெனி இன்ஜினியர் வந்து பெட்டியைப் பிரித்து, பொருத்தி, அரை நாள் காட்டிவிட்டுப் போவார். மதியம் அவருக்கு பஸ் இருக்கும். மிச்சத்தை நான் அந்த ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு, தப்புச் செய்து, பக்கத்து ஊர் சிநேகிதிக்கு போன் போட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டேன். 33 வருடத்தில் ஒரே ஒரு பதவி உயர்வு. அதுவும் மேலே இருந்தவர் ஓய்வு பெற்றதால் வந்தது. நான் புதிதாக ஏதோ கற்றுக்கொண்டதற்காக வந்ததில்லை.

என் குறையை அதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் இன்னொரு பையனுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

நான் பணியில் இருந்த ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டிக்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு பையன் இருந்தான். டிப்ளமோ முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 9க்கு மேல் காட்டியது. இயல்பாக இருக்க வேண்டியது 3.5லிருந்து 5க்குள். 9 என்றால் அந்த மனிதரின் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்று பொருள். பையன் பயந்துபோய் எண்ணை அப்படியே எழுதி வார்டுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே பரபரப்பு. நல்லவேளையாக டியூட்டி டாக்டர் உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 4.2.

காரணம் என்ன? வார்டில் முதலில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சிவப்பு மூடிக் குழாய்க்கு ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு இருக்கிறது. அது கலந்தால் பொட்டாசியம் ஏறும். அதே உப்பு கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கால்சியம் அடியோடு இறங்கும். அந்த ரிப்போர்ட்டில் கால்சியம் 4கூட இல்லை. அனுபவம் உள்ளவர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் “இது நோயாளியின் ரத்தத்தில் இருப்பது அல்ல, குழாயில் நடந்த தப்பு” என்று சொல்லி, ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு வார்டுக்கு போன் செய்திருப்பார். மெஷினுக்கு இது தெரியாது. அது கொடுத்ததை அளந்து சொல்லும். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வதற்குத்தான் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார்.

மறுநாள் அந்தப் பையனுக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். குழாய் மாற்றி ஊற்றிய வார்டிலும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவனுக்கு இரவில் தனியாக வேலை கொடுப்பதற்கு முன் மூத்தவர் ஒருவரோடு மூன்று மாதமாவது நிறுத்தி வைத்தீர்களா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பகல் டியூட்டியில் இருந்தேன். அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, நானும் போராடி வாங்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவன் போய்விட்டான். கெட்டிக்காரப் பையன். ஸ்லைடில் ரத்தத்தை அவ்வளவு மெல்லிசாக இழுப்பான்.

தரக்கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒன்றை மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வந்த எண்ணை வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால் மெஷின் மெல்ல வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து ஒரு கண்ணும் வேண்டும். வேலூர் சிஎம்சி பல ஆண்டுகளாக அப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. அவர்கள் அனுப்பும் மாதிரியை நம் மெஷினில் ஓட்டி விடையை அனுப்பினால், மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்கள். இந்த வேலைக்கு ஒரு நாளில் முக்கால் மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு வராந்தா நிறைந்துவிடும் இடத்தில், ஒற்றை ஆளாக இருக்கும் டெக்னீசியனுக்கு அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வரும்? எத்தனை டெஸ்ட் பார்த்தீர்கள் என்று மாதாமாதம் கணக்குக் கேட்டார்கள். புள்ளி வைத்தீர்களா என்று ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம் மட்டும் கேட்டார்கள்.

எதிர்பார்ப்பு மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. 2022இல் வந்த இந்தியப் பொதுச் சுகாதாரத் தர நெறிகளின்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63 வகைப் பரிசோதனைகள், மாவட்ட மருத்துவமனையில் 134 வகை. நல்லதுதான், வரவேற்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் பக்கம் செய்த நன்மையை நேரில் பார்த்தவள் நான். செட்டிநாட்டில் நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அந்தப் பக்கம் ராயவரம், அரிமளம் என்று எங்கே போனாலும் பெரிய பெரிய வீடு. உள்ளே வயசான ஆச்சி ஒருத்தர், துணைக்கு ஓர் ஆள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். வீட்டு வேலை செய்பவர்களும் புதுவயல் அரிசி ஆலைகளில் உழைத்தவர்களும் அதே வயதில், அதே சர்க்கரையோடும் ரத்தக் கொதிப்போடும் இருக்கிறார்கள். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிறோம். அந்த மாத்திரை வேலை செய்கிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். மருந்து வீட்டு வாசல்வரை போன வேகத்துக்கு ஆய்வகம் வரவில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

நம் மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914இல் வந்தது. நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926. மருந்தாளுநர்களுக்கு 1948இல் நாடு முழுமைக்குமான சட்டம். எங்களுக்கு 2021. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதுவரைக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவர் யார், எங்கே படித்தார், இன்னும் கற்றுக்கொள்கிறாரா என்று கேட்க நாடு முழுமைக்குமான ஒரு பதிவேடு கிடையாது. ஓய்வு பெறுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடமே இருந்தபோது நான் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். பக்கத்தில் இருந்த சக ஊழியரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

சட்டம் வந்தபிறகும் வண்டி நகரவில்லை. இந்தச் சட்டத்தை நடத்த மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் ஒரு குழுமம் அமைக்க வேண்டும் என்று இருந்தும் பல இடங்களில் நடக்காமல், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இரண்டு மாதக் கெடு வைக்க வேண்டி வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு இருந்தால் பணியாளர்களில் ஒரு பிரிவு. 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப் படிப்பு இருந்தால் இன்னொரு பிரிவு. படிப்புக்கு ஒரு வரையறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் மாநிலத்தில் இந்தக் கணக்குக்குள் வராத ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முடித்து, கிரேடு 3 டெக்னீசியனாகப் பணியில் சேர்ந்தவர்கள் ஏராளம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் அவர்கள் தலையில்தான் நடந்தன, நடக்கின்றன. டெங்கு வந்த வருடங்களில் தட்டணு எண்ணிக்கையை நாளுக்கு நூறு பேருக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைப் புதுப் பதிவேட்டின் வாசலில் நிறுத்திவைக்காதீர்கள். சலுகையாக உள்ளே விடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. சம்பளத்தோடு படித்து டிப்ளமோவுக்கும், அங்கிருந்து பட்டத்துக்கும் போக வழி போடுங்கள். பத்து வருட அனுபவத்தில் பாதியையாவது படிப்பு நேரமாகக் கணக்கில் எடுங்கள்.

என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். அங்கே இவர்களையெல்லாம் சேர்த்து ‘ஹெல்த்கேர் சயின்டிஸ்ட்’ என்று சொல்கிறார்கள். ரத்தம் பார்ப்பவர், மரபணு பார்ப்பவர், கதிரியக்க அளவு கணக்கிடும் இயற்பியலாளர், இதயத் துடிப்பும் கேட்கும் திறனும் பரிசோதிப்பவர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துறைகள் அதற்குள் வருகின்றன. டெக்னீசியன்களைப் பதிவு செய்யும் சட்டம் அங்கே 1960லேயே வந்துவிட்டது. 2010இல் பயிற்சி முறையை மொத்தமாகத் திருத்தி அமைத்தார்கள். அறிவியல் பட்டம் பெற்ற ஒருவர் மூன்று வருடம் மருத்துவமனையில் சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறலாம், அதோடு முதுகலைப் பட்டமும் சேர்ந்து வரும். அதற்கு மேலே ஐந்து வருட உயர்பயிற்சி. அதை முடித்தவர் ஆலோசகர் நிலையில் ஓர் ஆய்வகத்தையே நடத்தலாம். இங்கிலாந்தில் தலைமை அறிவியல் அலுவலர் என்று அரசு மட்டத்தில் ஒரு பதவியே இருக்கிறது.

இதை அவள் சொன்னபோது எனக்கு ஐயா ஞாபகம்தான் வந்தது. மூன்று வருடக் கணக்கு, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கேயும் ஆள் பற்றாக்குறை, சம்பளப் பிரச்சினை எல்லாம் இருப்பதாகத்தான் அவளும் சொல்கிறாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவள் கையில் ஒரு பயிற்சிப் பதிவேட்டைக் கொடுத்திருக்கிறார்கள். என்ன கற்றாய், யார் பார்த்துக் கையெழுத்திட்டார், அடுத்தது என்ன என்று. வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, தகுதித் தேர்வு, போனபிறகு தொடர்கல்விப் புள்ளிகள். தேவகோட்டையில் படித்த பிள்ளை துபாயில் வேலை பார்ப்பதற்கு இவ்வளவு கேட்கிறார்கள். அதே பிள்ளை தேவகோட்டையில் வேலை பார்த்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எதுவும் கொடுப்பதுமில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பது. எங்கள் பக்கத்தை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த இடம் இதுதான்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. சிவகங்கையில் 2012இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் 2017இலிருந்து. நடுவில் காரைக்குடி. இங்கே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்த சிக்ரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சோடியமும் பொட்டாசியமும் பார்க்கிற மெஷினுக்குள் இருப்பவை மின்முனைகள். ரத்தத்தில் இருக்கும் அயனியின் அளவுக்கு ஏற்ப அவற்றில் ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். அதை அளந்துதான் மெஷின் எண் சொல்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டையிலும் நடப்பது மின்வேதியியல்தான். அந்த மின்முனைகளில் புரதம் படிந்துவிட்டால் எண் தடுமாறும். ஏன் தடுமாறுகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கழுவிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் புது மின்முனைக்கு எழுதிப் போடுவோம், அது வரும்வரை மெஷின் மூடிக் கிடக்கும், நோயாளி தனியார் லேபுக்குப் போவார். இந்த அறிவியலுக்கென்றே நாட்டில் ஏற்படுத்திய நிறுவனம் எங்கள் ஊரில் இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த வறண்ட பூமிக்கு வந்தது. என் முப்பது வருடத்தில் அதன் மதிலைத் தாண்டித்தான் பலநாள் வேலைக்குப் போனேன். உள்ளே இருந்த விஞ்ஞானிகளில் ஒருவர் வருடத்துக்கு இரண்டு நாள் எங்களை உட்கார வைத்து மின்முனை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்திருந்தால்! அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியது துறை. ஒரு கடிதம் போதும்.

அழகப்பர் கல்லூரி தொடங்கிய கதையும் எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்ததுதான். 1947இல் சென்னையில் நடந்த அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழாவில், கல்லூரிகள் தொடங்க வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். அழகப்பர் எழுந்து காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அந்த ஆண்டே கல்லூரி தொடங்கியது. கேட்டவர் ஒரு மகப்பேறு மருத்துவர்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், இந்த இரண்டு மருத்துவக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தையும் சிக்ரியையும் சேர்த்து, இந்தப் பகுதிக்கு ஒரு தொடர்பயிற்சி மையம். சென்னைக்கு இரண்டு வாரம் வரச் சொன்னால் எங்களில் பலரால் போக முடியாது. ஆய்வகங்களில் பெண்கள் அதிகம். கைப்பிள்ளையும் மாமியாரும் வீட்டில் இருக்கும்போது, “பயிற்சிக்கு விருப்பம் இல்லை” என்று எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். விருப்பம் இல்லாமல் எழுதிக் கொடுக்கவில்லை அவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரத்தில் பயிற்சி இருந்தால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். மாவட்ட எல்லையும் குறுக்கே வரக்கூடாது. பொன்னமராவதிக்காரர் காரைக்குடிக்கு வருவதும், காரைக்குடிக்காரர் புதுக்கோட்டைக்குப் போவதும் எங்களுக்குப் புதிதல்ல.

பயிற்சிக்கு ஆளை அனுப்பும்போது அந்த இடத்தில் மாற்று ஆள் வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒற்றை டெக்னீசியன் உள்ள நிலையத்தில் அவரை அனுப்பினால் ஆய்வகம் பூட்டப்படும், அதனால் மருத்துவ அலுவலர் அனுப்ப மாட்டார், அவர்மேல் தப்பில்லை. மாவட்டத்துக்கு நான்கைந்து சுழற்சி டெக்னீசியன்களை இதற்கென்றே வைத்தால் முடிந்துபோகும் விஷயம். புதிதாகச் சேர்பவரை முதல் மூன்று மாதம் தனியாக இரவு டியூட்டியில் போடக்கூடாது என்பதை விதியாகவே எழுதுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவருக்கு அதற்கான நேரத்தைப் பணி அட்டவணையில் காட்டுங்கள்.

பதவிகளின் வரிசை அடுத்தது. தரக்கட்டுப்பாட்டுக்கென்று ஒருவர், இரத்த வங்கியின் தொழில்நுட்பப் பொறுப்புக்கு ஒருவர், மாவட்டத்துக்குப் பயிற்சி அலுவலர் ஒருவர் என்று படிகளை உண்டாக்கினால்தான் எம்.எஸ்சி. படித்த பிள்ளை இங்கே தங்கும். இப்போது மருத்துவ ஆய்வக நுட்பவியலில் முதுகலை முடித்தவரும் டிப்ளமோ முடித்தவரும் ஒரே பணியிடத்துக்கு ஒரே தேர்வுப் பட்டியலில் நிற்கிறார்கள். சேர்ந்தபிறகும் ஒரே வேலை. மேலே படித்தது வீண் என்று அந்தப் பிள்ளையின் அப்பாவே சொல்கிறார்.

எக்ஸ்ரே பிரிவில் ‘டார்க் ரூம் அசிஸ்டென்ட்’ என்ற பணிப்பெயர் இன்னும் இருக்கிறது. படம் டிஜிட்டலாகி, பிலிம் கழுவும் இருட்டறையே பல இடங்களில் சாமான் வைக்கும் அறையாகிவிட்டது. அந்த ஊழியர்கள் டிஜிட்டல் கருவியை இயக்கத் துணை நிற்கிறார்கள், நோயாளியைக் கிடத்துகிறார்கள், கதிரியக்கப் பாதுகாப்பைக் கவனிக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்துப் பெயரையும் மாற்றுங்கள். இப்போது இல்லாத ஓர் அறையின் பெயரில் ஒரு மனிதர் 30 வருடம் வேலை பார்க்க வேண்டாம்.

ஒப்பந்த ஊழியர்களைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. கொரோனா காலத்தில் ரேபிட் டெஸ்டை நம்பி உட்காராமல் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையையே நம் மாநிலம் விடாமல் பிடித்துக்கொண்டது என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தக் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற இரண்டு பிள்ளைகளை நான் அறிவேன். அலை ஓய்ந்ததும் ஒப்பந்தமும் ஓய்ந்தது. ஒருத்தி இப்போது ஜவுளிக் கடையில் கண்டாங்கிச் சேலை விற்கிறாள். பிசிஆர் பழகிய கை அது. நிரந்தரமாக்க இயலாதவர்களுக்குக்கூட அவர்கள் கற்றதற்கு ஒரு சான்றும், அடுத்த தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுக்க முடியும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு முழுத் தானியங்கி அனலைசர் பல லட்சம் ரூபாய். வாங்கி வைத்துவிட்டு அதை ஓட்டுபவருக்கு அரை நாள் பயிற்சி கொடுப்பதால் வீணாகும் ரசாயனம், திரும்பப் பார்க்கும் டெஸ்ட், மூடிக் கிடக்கும் நாட்கள், வெளி லேபில் ஏழை கட்டும் காசு இவற்றைக் கூட்டிப் பாருங்கள். எனக்குக் கணக்குப் போட வசதி இல்லை, உங்களிடம் எல்லா ரிஜிஸ்தரும் இருக்கிறது. டெக்னீசியனுக்குப் படிப்பும் பதவியும் கொடுத்தால் டாக்டரின் இடத்துக்கு வந்துவிடுவார் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. நான் பார்த்த நல்ல டாக்டர்கள் எல்லாரும் நல்ல ஆய்வகத்தைக் கேட்டு வாங்கியவர்கள். “அம்மா, இந்த எண் சரியா வருதா, நீங்க சொல்லுங்க” என்று போன் செய்து கேட்டவர்கள்.

என்னிடம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பயிற்சிக்கென்று நானே சாயம் போட்டுச் சேர்த்த ஸ்லைடுகள், 180க்கு மேல். மலேரியாவில் இங்கே அதிகம் பார்க்கிற இரண்டு வகையும் இருக்கிறது, யானைக்கால் நோய்ப் புழு இருக்கிறது, இரும்புச்சத்துக் குறைந்த ரத்தம், ரத்தப் புற்றுநோய். இப்போது படிக்கும் பிள்ளைகள் இவற்றில் பலவற்றைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். மையம் எங்கே அமைந்தாலும் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் வந்து சொல்லியும் கொடுக்கிறேன், சம்பளம் வேண்டாம், மைக்ரோஸ்கோப் மட்டும் நல்லதாக ஒன்று வேண்டும். என்னைப் போல ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கம் இருக்கிறோம். பேசிவிட்டேன், அவர்களும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்